அளந்தறிதலும் அறமே

அண்மைக் காலமாக நம் ஊர்களில் ஒரு நல்வழக்கம் பரவி வருகிறது. மகாவீர் ஜெயந்தியன்றோ, ஆண்டுப் பெருவிழாவின்போதோ, நந்தீஸ்வர பூஜை நிறைவெய்தும் நாளிலோ, ஜினாலயத்தை அடுத்த மண்டபத்தில் இரண்டு மேசைகளைப் போட்டு, மருத்துவர் ஒருவரையும் செவிலியர் இருவரையும் வரவழைத்து, வருவோர்க்கெல்லாம் இரத்த அழுத்தம் அளந்து பார்க்கிறார்கள். வழிபாடு முடித்து வருவோர் வரிசையில் அமர்ந்து கையை நீட்டுகிறார்கள். இரண்டு எண்களை எழுதிய சீட்டு ஒன்று அவர்கள் கைக்கு வருகிறது. சிலர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் பந்தி நடக்கும் இடத்திலேயே விட்டுச் செல்கிறார்கள்.

இவ்வழக்கத்தைப் பெரியோர் எல்லாரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. "ஆன்மா வேறு, உடல் வேறு எனும் பேதஞானத்தைக் கற்பிக்க வேண்டிய இடத்தில், உடலைப் பற்றிய கவலையை வளர்ப்பது முறையாகுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். "வந்த வினை பயன் தந்தே தீரும்; அதை அளந்து பார்த்து ஆவதென்ன?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இவற்றைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையாகாது. இவ்விரு வினாக்களும் நம் சமயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளிலிருந்தே எழுகின்றன. ஆகவே அக்கோட்பாடுகளைக் கொண்டே அவற்றை ஆராய்வது நம் கடமை. உடலின் நிலையை அறிய மறுப்பது பற்றின்மையா, அல்லது பற்றின்மையின் போர்வையில் மறைந்து நிற்கும் சோர்வா? இதுவே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நோயின் இயல்பை அறிவோம். இதயம் சுருங்கிக் குருதியை உந்தும்போது தமனிகளின் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேலெண். இதயம் விரிந்து இளைப்பாறும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழெண். இரண்டும் பாதரசத்தின் உயரத்தால், மில்லிமீட்டர்க் கணக்கில் குறிக்கப்படுகின்றன. 120க்கு 80 என்பதை ஒட்டிய அளவு நலமானது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலெண் 140 அல்லது கீழெண் 90 என்ற வரம்பை எட்டியோ கடந்தோ நிற்குமானால், அதனை உயர் இரத்த அழுத்தம் என்று மருத்துவ உலகம் பொதுவாகக் கொள்கிறது. இந்நிலை பல்லாண்டு நீடித்தால் மூளையின் நுண்குழாய்கள் வெடிக்கலாம் அல்லது அடைபடலாம், இதயம் தடித்துத் தளரலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம், கண்ணொளி மங்கலாம்.

இத்தனைத் தீங்கையும் செய்யும் இந்நோய், தான் வந்திருப்பதைப் பெரும்பாலும் அறிவிப்பதே இல்லை. காய்ச்சல் உடலைச் சுடுகிறது. பல்வலி இரவெல்லாம் உறங்கவிடாது. உயர் இரத்த அழுத்தமோ வலியுமின்றி, வாட்டமுமின்றி உள்ளே குடியிருக்கிறது. 'எனக்குத் தலைசுற்றல் இல்லை. ஆதலால் பிரஷரும் இல்லை' என்று சொல்வோர் பலர். அந்த முடிவுக்கு ஆதாரம் ஏதுமில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஏறக்குறையச் சரிபாதிப் பேர், அதாவது நூற்றுக்கு 46 பேர், தமக்கு அது இருப்பதை அறியார். அளந்தாலன்றி அறிய முடியாத நோய் இது. ஆகவேதான் அளத்தல் என்னும் சிறுசெயல் இங்கு அறத்தின் பாற்பட்ட பெருஞ்செயலாகிறது.

இவ்வளவை மனிதகுலம் அறிந்துகொண்ட வரலாறு, உயிர்க்கொலை அஞ்சும் நாம் சற்று நின்று எண்ண வேண்டிய வரலாறு. இங்கிலாந்து நாட்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒருவர் இருந்தார். இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடு மிக்கவர். அவர் ஒரு பெட்டைக் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைப் பகுதித் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி அக்குழாயில் எட்டு அடிக்கும் மேலாக உயர்ந்து நின்றது. சிறிது சிறிதாகக் குருதியை வெளியேற்றி, அழுத்தம் தாழ்வதை அளந்துகொண்டே சென்றார். குதிரை உயிர் நீத்தது. 1733இல் வெளியான அவருடைய நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இரத்த அழுத்தத்தின் முதல் அளவு ஒரு வாயில்லா உயிரின் வதையிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறைக்கவும் வேண்டா, மறக்கவும் வேண்டா.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தே துன்பம் தராத முறை கைகூடியது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, புயத்தைச் சுற்றிக் காற்றுப் பட்டையைக் கட்டி அழுத்தும் கருவியை அமைத்தார். 1905இல் ருஷ்ய நாட்டு அறுவை மருத்துவர் கொரோட்கோவ், அப்பட்டையின் கீழே தமனியில் எழும் ஒலிகளைக் கேட்டு மேலெண்ணையும் கீழெண்ணையும் பிரித்தறியும் வழியைக் கண்டார். ஒரு துளிக் குருதியும் சிந்தாமல், ஒரு முள் குத்தும் வலியும் இல்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும் இம்முறை இன்று சிற்றூர்வரை வந்து சேர்ந்திருக்கிறது. கொல்லாமையைப் போற்றுவோர் தயங்காமல் ஏற்கத்தக்க மருத்துவச் செயல் ஒன்று உண்டென்றால், அது இதுவே.

இனி முதல் வினாவுக்கு வருவோம். உடல் அநித்தியம், அசுசி என்று பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் வைத்து நாள்தோறும் சிந்திக்கிறோம். அது உண்மை. ஆயினும் அச்சிந்தனையின் நோக்கம் உடலின்மேல் உள்ள மோகத்தைக் களைவதேயன்றி, உடலைப் பாழ்படுத்துவதன்று. மண்பாண்டம் உடையும் இயல்பினது என்று அறிந்தவள் அதனைக் கவனமாகத்தான் இறக்கி வைக்கிறாள். அது உடையுமென்று அறிந்ததனாலேயே அக்கவனம் பிறக்கிறது. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை ஈட்டுதற்கு மானிடப் பிறவி அரிய வாய்ப்பு என்று கூறும் அதே சமயம், அவ்வாய்ப்புக்குக் கருவியான உடலைப் பேணாது விடுக என்று கூறியிருக்க முடியாது.

நம் ஆசாரியர்களும் புலவர்களும் மருத்துவத்தை இழிவாகக் கருதவில்லை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியாசாரியர் 'கல்யாணகாரகம்' என்னும் மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். மாமிசம், மது, தேன் ஆகியவற்றை விலக்கியே மருத்துவம் செய்ய இயலும் என்று நிலைநாட்டியவர் அவர். தமிழிலோ, காரியாசான் தம் நீதிநூலுக்குச் 'சிறுபஞ்சமூலம்' என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு 'ஏலாதி' என்றும் மருந்துகளின் பெயர்களையே சூட்டினர். இருவரும் சமணப் புலவர்கள். ஆகார தானம், ஔஷத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று நால்வகைத் தானங்களை வகுத்த முன்னோர், மருந்தை உணவுக்கும் நூலுக்கும் இணையாக வைத்தனர். நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாகவும் வைத்தனர். உடலைப் பேணுதல் தவத்துக்குப் பகையாயின், நோயுற்ற தவசியைப் பேணுதல் தவமாக முடியுமா?

இவற்றினும் வலிய சான்று ஒன்று உண்டு. அது சல்லேகனை. முதுமையிலோ, தீராப் பிணியிலோ, உடல் இனி அறத்துக்குத் துணைநில்லாது என்று தெளிந்தபின், ஆசாரியரின் அனுமதியோடு, உணவைப் படிப்படியாகக் குறைத்து, யாரிடத்தும் பகையின்றி, எல்லாரிடமும் மன்னிப்பு வேண்டி, பஞ்ச நமஸ்காரத்தைச் செவியிலும் சிந்தையிலும் நிறுத்தி உடலை நீப்பது அவ்விரதம். நம் குடும்பங்களில் அறச்சிந்தை உடைய முதியோர் ஒவ்வொருவரும் உள்ளூர விரும்புவது அத்தகைய சமாதி மரணத்தையே. அதற்கு இன்றியமையாதது எது? தெளிந்த அறிவு. மன்னிப்பு வேண்டுவதற்கு நா வேண்டும். விரதம் ஏற்பதற்கு நினைவு வேண்டும். மந்திரத்தைப் பொருளுணர்ந்து ஏற்பதற்குச் சித்தம் வேண்டும்.

பக்கவாதம் முதலில் கவர்ந்து செல்பவை பெரும்பாலும் இவைதாம். ஒரு நொடியில் பேச்சு போகிறது. சிலருக்கு நினைவு போகிறது. தன் மக்களையே பெயரிட்டு அழைக்க இயலாத நிலை வருகிறது. அந்நிலையில் ஆண்டுக்கணக்காகப் படுத்திருப்போரும் உண்டு. வாழ்நாளெல்லாம் சாமாயிகம் செய்தவர், அதன் முழுப்பயனும் வேண்டப்படுகின்ற இறுதி வேளையில், சித்தம் கலங்கிக் கிடக்க நேர்வது எத்தகைய இழப்பு! அப்பக்கவாதத்துக்கு முதற்பெருங் காரணம் உயர் இரத்த அழுத்தம். ஆகவே உடலின்மேல் பற்று இல்லாதவர்க்கே, உடலை நல்ல முறையில் விட்டு நீங்க விரும்புவோர்க்கே, தம் இரத்த அழுத்தத்தை அறிந்துகொள்ளும் கடமை மிகுதியாக உண்டு என்பது நம் துணிபு.

இரண்டாவது வினா வினையைப் பற்றியது. நோய் அசாத வேதநீய கர்மத்தின் உதயத்தால் வருவது என்பதை நாம் ஐயுறவில்லை. ஆனால் வினை வெறுமையில் பயன் தருவதில்லை. இடம், காலம், பொருள், பாவம் ஆகிய நிமித்தங்கள் துணைநிற்கப் பயன் தருகிறது. மழை வரும் என்று அறிந்தவன் கூரையை வேய்கிறான். 'நனைவது என் வினையாயின் நனைவேன்' என்று முற்றத்தில் நிற்பதில்லை. முயற்சிக்கு இடமில்லையெனில் விரதத்துக்கும் தவத்துக்கும் கூட இடமில்லாமற் போய்விடும். 1967இல் அமெரிக்க நாட்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று, மிகுந்த அழுத்தம் உடையோருள் மருந்து பெற்றவர்க்குப் பக்கவாதமும் பிற கேடுகளும் பெரிதும் குறைந்தன என்று தெளிவாக நிறுவியது. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும் அதனை உறுதிசெய்தன. நிமித்தத்தை மாற்ற வழியிருக்கிறது என்று அறிந்தபின்னும், வினையின்மேல் பழியைப் போட்டு அமர்ந்திருப்பது வினைக்கொள்கையன்று, விதிக்கொள்கை.

இங்கே அகிம்சையின் இலக்கணத்தை நினைவுகொள்ள வேண்டும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்கும்போது, உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. அவ்வூறு பிரமாதத்தின் வயப்பட்டு, அதாவது கவனமின்மையாலும் கஷாயங்களாலும் நேர்வதையே ஹிம்சை என்றார். ஆதலால்தான் நாம் நீரை வடிகட்டிக் குடிக்கிறோம். அடுப்பை மூட்டுமுன் விறகைத் தட்டிப் பார்க்கிறோம். பொழுது சாய்வதற்குள் உண்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்க்காக இத்தனைக் கவனம் கொள்ளும் நாம், கண்ணெதிரே இருக்கும் ஐம்பொறியுடைய உயிர்க்கு, அதாவது நமக்கும் நம்மைச் சார்ந்தவர்க்கும், அக்கவனத்தை மறுக்கலாமா?

சார்ந்தவர்க்கு என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாதத்தால் வீழ்ந்தவரின் துன்பம் அவரோடு நின்றுவிடுவதில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவள் மனைவி. உணவூட்டித் துணி மாற்றுபவள் மருமகள். நிலத்தை விற்று மருத்துவமனைக்குப் பணம் கட்டுபவன் மகன். படிப்பை நிறுத்திக்கொள்பவள் பெரும்பாலும் பேத்தி. 'என் உடல், என் விருப்பம்' என்று சொல்லிச் சோதனைக்கு வராதவர், அதன் விலையைத் தாம் மட்டும் செலுத்தப் போவதில்லை. பிறர்க்கு வரும் இத்துன்பத்தைத் தவிர்க்கச் சில நிமிடங்களே போதுமாயிருக்க, அவற்றையும் தர மறுப்பது பிரமாதம் அல்லாமல் வேறென்ன?

அறிய மறுத்தல் கல்லாதோர்க்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் சோதித்த இதய மருத்துவர், அழுத்தம் 186க்கு 108 என்று குறித்தார். தொடர்ந்து சோதித்து வந்தபோதும், தலைவர் தம் நோயைப் பற்றி ஒருமுறையும் வினவவில்லை என்று அம்மருத்துவர் பின்னாளில் எழுதினார். நாட்டு மக்களுக்கோ அவர் நலமாக இருப்பதாகவே சொல்லப்பட்டது. 1945 ஏப்ரல் 12 அன்று, தம் 63ஆம் வயதில், மூளையில் குருதி பெருகி அவர் இறந்தார். அந்நாளில் இந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. உலகின் தலைசிறந்த பதவியும் அவரைக் காக்கவில்லை. அவர்க்குக் கிட்டாத மருந்து இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. கிட்டியும் கேளாதிருப்போமாயின் நம் நிலை அவர் நிலையினும் இரங்கத்தக்கது.

அளத்தல் என்பது இல்லறத்தார்க்குப் புதிய செயலன்று என்பதையும் இங்கே சுட்டுதல் தகும். துறவியர் முற்றும் துறக்கின்றனர். சிராவகர்களாகிய நாம் அளவிட்டுக்கொள்கிறோம். பொருளுக்கு அளவு பரிக்கிரக பரிமாணம். செல்லும் திசைக்கு அளவு திக்விரதம். நுகர்ச்சிக்கு அளவு போகோபபோக பரிமாணம். நம் விரதங்களின் உயிர்நாடியே அளவறிதல்தான். வீட்டிலுள்ள பொன்னையும் நெல்லையும் அளந்து வைப்பவர், தம் நாடியின் வேகத்தை அளக்க நாணுவது பொருந்தாது.

அடுத்து, நம்மிடையே நிலவும் ஒரு பொய்யான நம்பிக்கையைப் பற்றிக் கூறவேண்டும். 'நாம் புலால் உண்பதில்லை, கள் குடிப்பதில்லை, ஆதலால் நமக்கு இந்நோய் வாராது' என்பதே அது. புலாலும் மதுவும் தவிர்த்தல் நன்மையே. மது அழுத்தத்தைக் கூட்டும் என்பதும் மெய்யே. ஆனால் மரக்கறி உணவில் உப்பு மிகுந்தால் அது தீங்கு செய்யாமல் விடுவதில்லை. நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ளவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு சிறு தேக்கரண்டி. சோற்றிலும் சாம்பாரிலும் ரசத்திலும் சேர்ந்தபின், அப்பளம், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், கடையில் வாங்கும் மிக்சர், பிஸ்கட் என்று வரிசையாகச் சேரும்போது அவ்வளவை எவ்வளவோ கடந்துவிடுகிறோம். உண்ணத்தகாதவை என்று முன்னோர் வகுத்த பட்டியலில் நாட்பட்ட ஊறுகாயும் உண்டு. உயிர்கள் தோன்றும் என்னும் காரணம் பற்றி அவர்கள் விலக்கினார்கள். அவ்விலக்கைக் கைக்கொள்வார்க்கு உடல்நலமும் உடன்வரும்.

உப்பை விடுதல் நம் தவமுறையில் முன்பே உள்ளது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ குறித்த நாட்களில் துறப்பது ரஸ பரித்தியாகம்; புறத்தவங்களுள் ஒன்று. திருக்குறளில் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அதன் பெரும்பகுதி மூலிகையைப் பேசாமல், அளவறிந்து உண்பதையே பேசுகிறது. வாரத்தில் ஒருநாள் உப்பின்றி உண்போம் என்றும், இலையில் தனியே உப்பு வைக்கும் வழக்கத்தை விடுவோம் என்றும் ஒரு குடும்பம் முழுதும் விரதம் கொள்ளுமானால், அது நாவை வெல்லும் தவமுமாகும். நோயைத் தடுக்கும் மருந்துமாகும். புகையிலையை விடுதல், நாள்தோறும் விரைந்து நடத்தல், உடல் எடையை அளவோடு வைத்தல் ஆகியவையும் இதனோடு சேரவேண்டும். அதிகாலையில் ஜினாலயத்துக்கு வண்டியை விட்டு நடந்தே செல்வது இரண்டு பயனையும் ஒருங்கே தரும்.

உபவாசத்தைப் பற்றி ஒரு சொல். அட்டமி, சதுர்த்தசியிலும், தசலட்சண பருவ நாட்களிலும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். இது ஆபத்தானது. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னினும் மிக ஏறிவிடக்கூடும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை உண்டு, நீரும் அருந்தாதிருந்தால் அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். ஆகவே விரதம் கொள்ளுமுன் ஆசாரியரிடம் கேட்பது போலவே மருத்துவரிடமும் கேட்க வேண்டும். பதினாறு பாவனைகளைக் கூறிய ஆன்றோர், தியாகத்தையும் தவத்தையும் 'சக்திக்கேற்ப' என்னும் அடைமொழியோடுதான் கூறினர். தம் சக்தியை அறியாதவர் சக்திக்கேற்ற தவம் எங்ஙனம் செய்வார்? முழு உபவாசம் இயலாதவர்க்கு ஒருவேளை உணவும், ரஸ பரித்தியாகமும், சாமாயிகமும், சுவாத்தியாயமும் இருக்கின்றன. அவை தாழ்ந்த தவங்கள் அல்ல.

மருந்தின் தூய்மை பற்றிய ஐயமும் நியாயமானதே. சர்ப்பகந்தி என்னும் நம் நாட்டு மூலிகையின் வேர் இந்நோய்க்குப் பயன்படும் என்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது. இன்று வழங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் வேதியியல் முறையில் செய்யப்படுபவை. சில மருந்துகளை அடைக்கும் கூடு மட்டும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. மருத்துவரிடம் கேட்டால் கூடில்லாத மாத்திரையை எழுதித்தரக் கூடும். ஆயினும் புதுமருந்துகள் விலங்குகளின்மீது சோதிக்கப்படுகின்றன என்னும் உண்மை எஞ்சி நிற்கிறது. அதில் குற்றம் அறவே இல்லை என்று நாம் சொல்லத் துணியோம். ஹேல்ஸின் குதிரையும் அவ்வரிசையில் முதலில் நிற்கிறது. இக்கடனை உணர்ந்தவர் செய்யத்தக்கது, மருந்தே தேவைப்படாத அளவுக்கு உணவையும் ஒழுக்கத்தையும் முன்கூட்டியே திருத்திக்கொள்வது. நோய் வருமுன் காத்தல் இவ்வகையிலும் அகிம்சையாகிறது.

இனி முகாம் நடத்துவோர்க்கு உரிய அறத்தைக் காண்போம். ஔஷத தானம் செய்வோர் அதனை முறையாகச் செய்ய வேண்டும். படியேறி வந்தவரை உடனே அளத்தல் கூடாது. ஐந்து நிமிடமாவது அமைதியாக அமரச் செய்யவேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியோ புகையிலையோ கூடாது. முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் படிந்து, கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். புயத்தின் பருமனுக்கேற்ற பட்டை வேண்டும். பேச்சு கூடாது. சற்று இடைவெளி விட்டு இருமுறை அளக்கவேண்டும். ஒருநாள் அளவைக் கொண்டு, 'உமக்கு நோய்' என்று முடிவுகட்டுவதும் தவறு. 'உமக்கு ஒன்றுமில்லை' என்று என்றென்றைக்கும் உறுதி சொல்வதும் தவறு. கூட்டத்தை விரைவில் முடிக்கும் ஆர்வத்தில் இவற்றைக் கைவிட்டால், பொய்யளவைத் தந்தவர்களாவோம். வாய்மை விரதம் கருவிக்கும் பொருந்தும்.

சீட்டில் உள்ள எண் அவருக்கு மட்டுமே உரியது. அதனை உரக்கக் கூவி எழுதச் சொல்வதும், அருகிலிருப்போர் எட்டிப் பார்ப்பதும் அறமாகா. நம் சமூகம் சிறியது. ஓர் ஊரில் பேசிய சொல் மறுநாளே பத்து ஊர்களில் திரியும். முப்பது வயதுப் பெண்ணுக்கோ இளைஞனுக்கோ அழுத்தம் உண்டென்ற செய்தி திருமணப் பேச்சை முறிக்கும் என்று பெற்றோர் அஞ்சினால், அவர்கள் பிள்ளைகளை முகாமுக்கே அனுப்பமாட்டார்கள். மருந்தோடு அபயத்தையும் தந்தாலன்றி இத்தானம் நிறைவுறாது. உண்மையை மறைத்தலும் ஆகாது, அச்சுறுத்தலும் ஆகாது. இதமாகவும் மிதமாகவும் இனிமையாகவும் சொல்லுதல் வேண்டும்.

பெண்களின் நிலையை நாம் சிறப்பாக எண்ண வேண்டும். விழாநாளில் முகாம் நடக்கும் வேளையில் அவர்கள் பெரும்பாலும் மடைப்பள்ளியிலும் பந்தியிலும் நிற்கிறார்கள். எல்லாரும் உண்டபின் அவர்கள் வரும்போது மருத்துவர் புறப்பட்டிருப்பார். குடும்பத்தார் அனைவரின் மாத்திரையையும் நேரம் தவறாது எடுத்துத் தருபவள், தன் அளவை அறியாமலே இருப்பது நம் இல்லங்களுக்குப் புகழ் தருவதன்று. அவர்களுக்கென ஒருவேளையை ஒதுக்குவது முகாமின் முதற்கடமை.

அளந்ததோடு தானம் முடிந்ததாகக் கருதலாகாது. நூறு பேரை அளந்து நிழற்படம் எடுத்துப் பதாகையைச் சுருட்டி வைப்பதைவிட, மிகுந்த அளவு கண்ட பத்துப் பேரை மருத்துவரிடம் அனுப்பி, மூன்று திங்கள் கழித்து அவர்கள் மருந்து உண்கிறார்களா என்று வினவுவது மேலானது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டாத தானம் நிர்ஜரைக்கு அணித்தானது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இல்லந்தேடி வந்து அளந்து மாத்திரை தரும் நோக்குடையது. அதனை நம் முதியோர்க்கு எடுத்துச்சொல்லி இணைத்துவிடுவதும் தொண்டே. நம்மவர்க்கு மட்டுமன்றி, நம் வயல்களில் உழைப்போர்க்கும், ஊரிலுள்ள எல்லாச் சமயத்தார்க்கும் அம்மேசை திறந்திருக்க வேண்டும். எல்லா உயிர்க்கும் மைத்திரி கூறும் நாம், மேசையின் முன் குலம் கேட்கலாமோ?

இறுதியாக ஒன்று. எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெரியவர், தம் அளவை அறிந்து, மருத்துவர் சொல்வதையும் கேட்டு, குடும்பத்தாரோடும் கலந்துபேசி, 'இனி எனக்கு இத்தனை மருந்து வேண்டா, ஆன்ம சிந்தனையில் எஞ்சிய நாளைக் கழிக்கிறேன்' என்று அமைதியாகக் கூறுவாராயின், அவரை வற்புறுத்த நாம் துணியமாட்டோம், வணங்கி நிற்போம். அவர் அறிந்து விடுகிறார். நாற்பத்தைந்து வயதில், 'பார்க்காமலிருந்தால் ஒன்றுமில்லை' என்று திரும்பிப் போகிறவர் அறியாது இழக்கிறார். வெளிப்பார்வைக்கு இருவரும் மருந்தை மறுப்பவர்களே; உள்ளத்தில் ஒருவரிடம் இருப்பது துறவு, மற்றவரிடம் இருப்பது அச்சம். அறிவு இல்லாத துறவு துறவாகாது என்பதே நம் சமயத்தின் முடிபு.

ஆகவே, ஜினாலயத்தை அடுத்து இடப்படும் அம்மேசை அறத்துக்குப் புறம்பானதன்று என்று தெளிவோமாக. அடுத்த விழாநாளில் கைநீட்டி அமருமுன், வீட்டில் அடுப்படியில் நிற்பவரையும் அழைத்து வருவோம். கைக்கு வரும் சீட்டைப் பந்தியில் விட்டுவிடாது, வீட்டுப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்து, அடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இல்லந்தோறும் இவ்வொழுக்கம் நிலைபெற வேண்டுமென நேயர்களை அன்புடன் வேண்டுகிறோம்.

அறம் வளர்க!